கைக்குழந்தையின் மூச்சுப்பாதையில் இரத்தக்குழாய்க் கட்டி: எந்த மருந்தைத் தேர்வது?

பிறந்து ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் சில குழந்தைகளின் மூச்சில் ஒரு கரகரப்பு தொடங்குகிறது. நம் வீடுகளில் அதை முதலில் "நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். பக்கத்துக் கிளினிக்கில் நெபுலைசர் வைப்பார்கள். நாய் குரைப்பது போன்ற இருமலும் சேர்ந்திருந்தால் குரூப் என்னும் குரல்வளை அழற்சியாக இருக்கலாம் என்று கருதி மருத்துவர் ஸ்டீராய்டு கொடுப்பார். இரண்டு மூன்று நாளில் சத்தம் அடங்கும், மருந்து முடிந்ததும் திரும்பி வரும். ஆறு மாதம்கூட நிறையாத குழந்தைக்குக் குரூப் இப்படி மாறி மாறி வருவது வழக்கமில்லை. ஸ்டீராய்டுக்கு அடங்கி மீண்டும் தலைதூக்கும் சத்தத்துக்குப் பின்னால், குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே ஹெமான்ஜியோமா எனப்படும் இரத்தக்குழாய்க் கட்டி இருக்கக்கூடும் என்ற ஐயம் அந்த இடத்திலேயே எழ வேண்டும்.

எண்டோஸ்கோப் வழியாகத் தொண்டையைப் பார்த்து, கட்டி இருப்பது உறுதியான பிறகு பெற்றோர் முன்னால் வந்து நிற்கும் கேள்வியைப் பற்றியது இந்தக் கட்டுரை. எந்த மருந்து, எவ்வளவு காலம், மருந்து வேண்டாம் என்றால் வேறு என்ன வழி என்பதே அந்தக் கேள்வி. கோலாலம்பூரில் மருத்துவமனை மருந்தகத்தில் பணிபுரிவதால், மருத்துவர் முடிவைச் சொன்ன பிறகு மருந்துச் சீட்டோடு வரும் தாய்தந்தையரின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. இரத்த அழுத்தத்துக்குத் தாத்தா சாப்பிடும் புரோப்ரானோலால் என்னும் மாத்திரையை இரண்டு மாதக் குழந்தைக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. அதற்கு அவசரமில்லாமல் விடை சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், மருந்தே கொடுக்காமல் காத்திருக்கலாமா என்பதைத் தீர்த்துக்கொள்வோம். தோலில் வரும் ஹெமான்ஜியோமா கைக்குழந்தைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் கட்டி, புற்றுநோய் அன்று, பெண் குழந்தைகளிடமும் குறைமாதத்தில் பிறந்தவர்களிடமும் கூடுதலாக வரும். முதல் சில மாதங்களில், குறிப்பாக ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரையிலான காலத்தில், வேகமாக வளர்ந்து, பிறகு வேகம் தணிந்து, ஓராண்டுக்குப் பின் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லத் தானாகவே சுருங்கிவிடும். முதுகிலோ கையிலோ உள்ள சிறிய சிவப்புக் கட்டிக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படாமல் போவது இதனால்தான். மூச்சுப்பாதையில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. பிறந்த குழந்தைக்குக் குரல்நாண்களுக்குக் கீழே உள்ள குழாயின் அகலம் ஏறத்தாழ ஓர் உறிஞ்சுகுழல் அளவுதான், நான்கு அல்லது ஐந்து மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் அகலக் குழாயில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் தடித்தாலே உள்ளே காற்று போகும் பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும்; சீராகச் செல்லும் காற்றுக்குக் கணக்கிட்டால் தடை 16 மடங்காகும். கட்டி வளரும் காலமும் குழாய் மிகக் குறுகலாக இருக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே மூச்சில் சத்தம் எழுப்பும் அளவுக்கு வளர்ந்த கட்டியை, தானாகச் சுருங்கும் என்று நம்பி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தெரிவாகவே ஆகாது.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூச்சுப்பாதையில் கட்டி உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தோலிலும் ஒன்று இருக்கும். கீழுதடு, தாடை, முகவாய், கழுத்தின் முன்புறம் என்று தாடி வளரும் இடங்களில் சிவப்புப் படலம் பரவியிருந்தால் மூச்சுப்பாதையிலும் கட்டி இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. அதைப் பிறவி மச்சம் என்றோ கிரகணத்தின்போது ஏற்பட்டது என்றோ விட்டுவிடாமல், தாய்சேய் நலக் கிளினிக்கில் எடை பார்க்கும் நாளிலேயே தாதியிடம் காட்டிவிடுவது நல்லது. முகத்தில் பெரிய பரப்பில் கட்டி இருந்தால் ஃபேஸ் (PHACE) எனப்படும் நோய்த்தொகுதியும் இருக்கலாம். அதில் மூளைக்குச் செல்லும் தமனிகள் குறுகியிருப்பதும், பெருந்தமனி ஓரிடத்தில் இறுகியிருப்பதும் உண்டு. மருந்துத் தேர்வை அது நேரடியாகப் பாதிக்கிறது என்பதால் பின்னர் அதற்கு வருகிறேன்.

2008 வரை இந்தக் கட்டிக்கு முதல் மருந்து ஸ்டீராய்டுதான். பிரெட்னிசோலோனை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் என்ற கணக்கில் வாரக்கணக்கில், சில குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்தார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தும் டிராக்கியோஸ்டமி, அல்லது லேசர், அல்லது அறுவை. அந்த ஆண்டு பிரான்சின் போர்தோ நகரத்துத் தோல்நோய் மருத்துவர் கிறிஸ்டின் லியோத்தே-லாப்ரேசும் அவருடைய குழுவினரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மூக்கில் ஹெமான்ஜியோமா இருந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்தபோது இதயத்தசை தடித்துப் போனது; இதயத்துக்காகப் புரோப்ரானோலால் கொடுத்தார்கள்; மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறி, கட்டி இளகியது. வேறொரு குழந்தையிடமும் அதே மாற்றத்தைக் கண்ட பிறகு, இன்னும் ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து அறிவித்தார்கள். அடுத்த ஆண்டிலேயே மூச்சுப்பாதைக் கட்டிகளுக்கும் அதைப் பயன்படுத்திய மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களை மருந்து சுருக்குவது முதல் ஓரிரு நாள்களில் தெரியும் மாற்றம். புதுக்குழாய்கள் முளைப்பதைத் தூண்டும் சமிக்ஞைகளைக் குறைப்பதும், கட்டியின் உயிரணுக்கள் மடிவதற்கு வழிவிடுவதும் அதன் பின் வாரக்கணக்கில் நடப்பவை.

2015இல் அதே குழுவினரின் முன்னெடுப்பில் வெளியான ஆய்வில் 460 குழந்தைகள் பங்கேற்றார்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் அளவில் ஆறு மாதம் மருந்து பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் கட்டி முற்றிலும் அல்லது ஏறக்குறைய முற்றிலும் மறைந்தது. வெறும் மருந்துப் போலி பெற்றவர்களில் அது 4 விழுக்காடு மட்டுமே. இந்த எண்களைப் பெற்றோரிடம் சொல்லும்போது கூடவே ஒன்றையும் சொல்லிவிடுவேன்: உயிருக்கு ஆபத்தான கட்டி உள்ள குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மூச்சடைக்கும் குழந்தைக்கு மருந்துப் போலியைக் கொடுத்துப் பார்க்க எந்த மருத்துவரும் துணிய மாட்டார். எனவே மூச்சுப்பாதைக்கான நம்முடைய சான்று, உலகின் பல மருத்துவமனைகள் தம் நோயாளிகளைத் தொகுத்து எழுதிய அனுபவத் தொகுப்புகளே. அவை ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு நாளில் மூச்சுச் சத்தம் குறைகிறது, டிராக்கியோஸ்டமி தேவைப்படுவது மிக அரிதாகிவிட்டது, ஆனாலும் மருந்துக்கு அடங்காத சிலர் எப்போதும் இருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உட்கொள்ளும் மருந்து தேவைப்படும் ஹெமான்ஜியோமாவுக்குப் புரோப்ரானோலாலையே முதல் தெரிவாக, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் அளவில் பரிந்துரைத்தது.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கையில் என் கருத்து தெளிவானது. குழந்தைக்குக் குறிப்பிட்ட தடை எதுவும் இல்லையென்றால் புரோப்ரானோலாலில்தான் தொடங்க வேண்டும். ஆனால் அந்த மருந்து வேலை செய்யுமா என்ற கேள்வியோடு, அதை வீட்டில் பாதுகாப்பாகக் கொடுக்க முடியுமா என்ற கேள்வியையும் அதே அளவு கவனத்தோடு கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியைப் பேசுவதற்கு வெளிநோயாளர் அறையில் நேரம் போதுவதில்லை.

புரோப்ரானோலால் கொடுப்பதில் முதல் கவலை இரத்தச் சர்க்கரை இறங்குவது. வயிறு காலியாக இருக்கும்போது உடல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விடுவிக்கும் வழியை இம்மருந்து மட்டுப்படுத்துகிறது. சர்க்கரை இறங்கும்போது வரவேண்டிய படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடுகிறது. எனவே பால் குடிக்கும்போதோ குடித்த உடனேயோதான் மருந்து கொடுக்க வேண்டும். ஆறு வாரத்துக்குட்பட்ட குழந்தை நான்கு மணி நேரத்துக்கு மேலும், ஆறு வாரம் முதல் நான்கு மாதம் வரையுள்ள குழந்தை ஐந்து மணி நேரத்துக்கு மேலும் பால் குடிக்காமல் இருக்கக் கூடாது என்பது நிபுணர்கள் கூடி வகுத்து 2013இல் வெளியான நெறி. நன்றாகத் தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம்; இந்த மருந்து ஓடும் மாதங்களில் அதைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். குழந்தை வாந்தி எடுக்கிறது, பால் மறுக்கிறது, வயிற்றுப்போக்கு என்றால் அந்த வேளை மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்க வேண்டும். கொடுத்த மருந்தைக் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்கக் கூடாது, அடுத்த வேளைக்குக் காத்திருக்க வேண்டும். குழந்தை துவண்டுபோய், குளிர்ந்த வியர்வையோடு கிடந்தாலோ, எழுப்பினாலும் கண் திறக்காவிட்டாலோ உடனே 999ஐ அழைக்க வேண்டும்; விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும் பால் அல்லது சர்க்கரைக் கரைசலைக் கொடுக்க வேண்டும். விழுங்க முடியாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இரண்டாவது கவலை மூச்சுச் சிறுகுழாய்கள் இறுகுவது. கழுத்துப் பகுதியிலிருந்து மூச்சை உள்ளே இழுக்கும்போது எழும் கரகரப்பு கட்டியால் வருவது. நெஞ்சிலிருந்து மூச்சை வெளிவிடும்போது எழும் விசில் போன்ற இழுப்பு நுரையீரலின் சிறுகுழாய்களிலிருந்து வருவது. முதலாவதற்குப் புரோப்ரானோலால் மருந்து, இரண்டாவதற்கு அதுவே தீங்கு. குரல்நாண்களுக்குக் கீழே உள்ள கட்டி மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் சத்தம் எழுப்பக்கூடும் என்பதால், பெற்றோர் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. சளிக்காய்ச்சலோடு புதிதாக ஒரு சத்தம் கேட்டால் தாமே முடிவெடுக்காமல், சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து மருத்துவரிடம் கேட்கவைப்பது பயன்தரும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், "குழந்தை புரோப்ரானோலால் சாப்பிடுகிறது" என்பதே முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். ஏனெனில் இழுப்புக்கு வழக்கமாக வைக்கும் சல்பியூட்டமால் நெபுலைசரின் வேலையை இந்த மருந்து மழுங்கடிக்கிறது. சுகாதார அமைச்சின் குழந்தை நலப் பதிவேட்டு அட்டையில் மருந்தின் பெயரையும் அளவையும் சிவப்பு மையில் எழுதி ஒட்டிவைக்கும்படி நான் சொல்வது வழக்கம்.

மூன்றாவது கவலை என் மேசைக்கே உரியது. மருந்து எந்த வடிவில் கைக்கு வருகிறது என்பதைப் பற்றியது. குழந்தைகளுக்கென்றே ஒரு பிரெஞ்சு நிறுவனம் தயாரிக்கும் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 3.75 மில்லிகிராம் புரோப்ரானோலால் உள்ளது. மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கும் திரவம் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற செறிவில் இருக்கலாம். ஆறு கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம், இரு வேளையாகப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் 6 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மருந்தகத் திரவத்தில் அது 6 மில்லிலிட்டர். ஆயத்தத் திரவத்தில் 1.6 மில்லிலிட்டர். பழைய குப்பி தீர்ந்து புதுக்குப்பி வேறோர் இடத்திலிருந்து வந்திருக்க, பழக்கத்தில் அதே 6 மில்லிலிட்டரை ஊசியில்லாச் சிரிஞ்சில் ஏற்றினால் குழந்தைக்குப் போவது 22.5 மில்லிகிராம், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இன்னொரு வேறுபாடும் உண்டு. மருந்தகத்தில் கலக்கிய திரவத்தை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் மருந்து தங்கிவிடும். அந்த ஆயத்தத் திரவத்தைக் குலுக்கக் கூடாது என்று அதன் குறிப்பேடே சொல்கிறது. அளவை எத்தனை மில்லிலிட்டர் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கும் குடும்பத்திடம் எத்தனை மில்லிகிராம் என்பதையும் சொல்லவைத்துவிட்டுத்தான் குப்பியைக் கையில் கொடுப்பேன். தாய் வேலைக்குத் திரும்பிய பின் பகல் வேளை மருந்தைப் பாட்டியோ குழந்தைப் பராமரிப்பாளரோ கொடுக்கப்போகிறார் என்றால் அவரும் ஒருமுறை மருந்தகத்துக்கு வந்து சிரிஞ்சைப் பிடித்துக் காட்ட வேண்டும். இரு வேளைக்கு இடையே குறைந்தது ஒன்பது மணி நேரம் இருக்க வேண்டும் என்பதை அவரும் அறிந்திருக்க வேண்டும்.

தூக்கக் கலைவு, கைகால் சில்லிடுதல், வயிறு இளகுதல் ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. பெரும்பாலும் மருந்தை நிறுத்தும் அளவுக்குப் போவதில்லை. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்குவது மருந்து கொடுத்த ஓரிரு மணி நேரத்தில் தெரியும் என்பதால் அந்த நேரங்களில் அளந்து பார்ப்பார்கள். மூச்சுப்பாதைக் கட்டி உள்ள குழந்தைக்கும் எட்டு வாரத்துக்குட்பட்ட குழந்தைக்கும் மருந்தை வார்டில் வைத்தே தொடங்க வேண்டும். குறைந்த அளவில் ஆரம்பித்துச் சில நாள்களில் முழு அளவுக்கு உயர்த்துவார்கள். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனை வளாகத்தில் உள்ள துங்கு அசிசா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை, பினாங்குப் பொது மருத்துவமனை போன்ற, குழந்தை மருத்துவப் பிரிவும் காது மூக்கு தொண்டைப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் அல்லது ஒரே வளாகத்தில் உள்ள இடங்களில் இது நடப்பதே முறை. தனியார் கிளினிக்கில் சீட்டு எழுதி வாங்கி வீட்டில் தொடங்கும் மருந்தன்று இது.

இனி ஸ்டீராய்டு. அதை முழுவதும் கைவிட்டுவிடவில்லை. மூச்சு முட்டும் நிலையில் அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைக்கு அட்ரினலின் நெபுலைசரும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் கொடுத்து வீக்கத்தைத் தணிப்பதும், புரோப்ரானோலால் வேலை செய்யத் தொடங்கும் வரை சில நாள்கள் ஸ்டீராய்டைத் தொடர்வதும் இன்றும் நல்ல மருத்துவமே. மாதக்கணக்கில் அதையே நம்பியிருப்பதுதான் இன்று நியாயப்படுத்த முடியாதது. முகம் உப்பி, பசி கூடி, இரத்த அழுத்தம் ஏறி, வளர்ச்சி தடைபட்டு, நோய்த்தொற்றுக்கு இடம்கொடுத்துக் குழந்தை அவதிப்படும். உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு ஒடுங்கிவிடுவதால் மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் முடியாது. மலேசியத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா தடுப்பூசி ஒன்பதாவது மாதத்தில் வருகிறது. கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவில் இரு வாரமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு எடுத்த குழந்தைக்கு அந்த உயிருள்ள தடுப்பூசியை, மருந்து நின்று குறைந்தது ஒரு மாதம் ஆகும் வரை ஒத்திப்போட வேண்டியிருக்கும். புரோப்ரானோலாலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நீண்ட ஸ்டீராய்டுக்குப் பின் புரோப்ரானோலாலுக்கு மாறும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும் ஆபத்து கூடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. எண்டோஸ்கோப் வழியே கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடும் முறை உடல் முழுவதற்கும் போகும் மருந்தைக் குறைக்கிறது. ஆனால் மயக்கமருந்து, அதன் பின் சில நாள் தொண்டை வழியே செருகும் செயற்கை மூச்சுக்குழல், பெரும்பாலும் மீண்டும் அதே செயல்முறை என்று நீளும்.

அடினோலாலைப் பற்றித்தான் அண்மைக்காலத்தில் அதிகம் கேட்கிறார்கள். புரோப்ரானோலாலின் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் பெரும்பாலும் இதயத்தில் உள்ள ஏற்பிகளையே தடுக்கிறது, சிறுகுழாய்களை இறுக்கும் வாய்ப்பு குறைவு, மூளைக்குள் அதிகம் நுழையாததால் தூக்கமும் அவ்வளவாகக் கலைவதில்லை, நாளைக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். சீனாவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு 377 குழந்தைகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. ஆறு மாத முடிவில் இரண்டு மருந்துக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முன்னேற்றம் என்று இருந்தது. பக்கவிளைவுகள் அடினோலால் பிரிவில் குறைவு. காலையிலும் மாலையிலும் சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளும், ஷிப்டு மாறி மாறி வேலை செய்யும் பெற்றோருக்கு ஒரு வேளை மருந்து என்பது சிறிய விஷயமன்று. அப்படியிருந்தும் மூச்சுப்பாதைக் கட்டிக்கு அதை முதல் மருந்தாகச் சொல்ல நான் தயங்குகிறேன். அந்தச் சான்று பெரும்பாலும் தோல் கட்டிகளைப் பற்றியது; மூச்சுப்பாதையில் அடினோலாலைப் பயன்படுத்திய அனுபவம் புரோப்ரானோலாலோடு ஒப்பிட மிகச் சிறியது; தோலில் மருந்து தோற்றால் வடு மிஞ்சும், மூச்சுப்பாதையில் தோற்றால் இழப்பு வேறு. குழந்தைக்கு இழுப்பு அடிக்கடி வருகிறது, ஒவ்வொரு சளிக்கும் புரோப்ரானோலாலை நிறுத்த நேர்கிறது, அல்லது தூக்கமே இல்லாமல் குடும்பம் சோர்ந்துவிட்டது என்றால் அடினோலாலுக்கு மாறுவது பொருத்தமான முடிவு. அப்போதும் பால் கொடுக்கும் இடைவெளி பற்றிய நெறிகளைத் தளர்த்தக் கூடாது. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கு அளவைத் தனியாகக் கணிக்க வேண்டும். நடோலால் என்னும் மற்றொரு மருந்தும் ஆய்வில் நல்ல பலன் காட்டியது. ஆனால் அது உடலில் நெடுநேரம் தங்குவது, அதைச் சாப்பிட்ட ஒரு கைக்குழந்தையின் இறப்பு மருத்துவ இதழில் பதிவானது ஆகிய இரண்டையும் கருதி, வேறு வழி இருக்கும்போது அதை நாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தோலில் தடவும் டிமோலால் சொட்டு மருந்து கழுத்திலுள்ள மெல்லிய சிவப்புப் படலத்துக்கு உதவலாம்; குரல்நாண்களுக்குக் கீழே அது எட்டாது. இன்டர்ஃபெரான் ஊசி சில குழந்தைகளுக்குக் கால்களில் விறைப்பு வாதத்தை ஏற்படுத்தியதால் கைவிடப்பட்டுவிட்டது. வின்கிறிஸ்டின், சிரோலிமஸ் ஆகியவை மற்ற எல்லாம் தோற்றபின் நிபுணர் குழு கூடிப் பேசி எடுக்கும் மருந்துகள். நோயறிதலே சரிதானா என்ற ஐயம் எழும் கட்டத்தில்தான் அவற்றின் பெயர் வரும்.

மருந்து தோற்றதாக முடிவெடுப்பதற்கு முன் இரண்டு சோதனைகள் அவசியம். முதலாவது, எடைக்கு ஏற்ற அளவு போகிறதா என்பது. இந்த வயதில் குழந்தையின் எடை சில வாரங்களிலேயே கணிசமாகக் கூடிவிடும். இரண்டு மாதத்தில் எழுதிய அளவையே நான்கு மாதத்திலும் கொடுத்துக்கொண்டிருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்றே தோன்றும். இரண்டாவது, கட்டி உண்மையில் ஹெமான்ஜியோமாதானா என்பது. குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குழல் பொருத்தப்பட்டிருந்த குழந்தைக்கு அதே இடத்தில் நீர்க்கட்டி வரலாம். அதற்கு இந்த மருந்து எதுவும் செய்யாது. ஐயம் இருந்தால் மீண்டும் எண்டோஸ்கோப் வைத்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் திசுவில் குளுட்-1 என்னும் புரதம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். கைக்குழந்தை ஹெமான்ஜியோமாவில் அது இருக்கும், மற்றப் பல இரத்தக்குழாய்க் கட்டிகளில் இருக்காது.

இரண்டும் சரியாக இருந்தும் மூச்சு சீராகவில்லையென்றால் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். அதைத் தோல்வி என்று குடும்பங்கள் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மூச்சுக்குழாயைத் திறந்து கட்டியை எடுத்து, தேவையானால் குருத்தெலும்பு வைத்துக் குழாயை அகலப்படுத்தித் தைக்கும் அறுவை, தேர்ந்த கைகளில் ஒரே தடவையில் சிக்கலைத் தீர்த்துவிடக்கூடியது. லேசரால் சுட்டு எடுப்பது கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், சுற்றிலும் சுட்டால் வடு இறுகி மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் குறுகிவிடும் ஆபத்து அதில் உண்டு. டிராக்கியோஸ்டமி உயிரைக் காக்கும். ஆனால் குழாயில் சளி அடைக்காமல் இரவும் பகலும் உறிஞ்சி எடுக்கக் கற்ற ஒருவர் எப்போதும் குழந்தையோடு இருக்க வேண்டும், பேச்சு வருவதும் தாமதமாகலாம். ஆகவே அது இன்று கடைசிப் படியில் நிற்கிறது.

முன்பு சொன்ன ஃபேஸ் நோய்த்தொகுதி உள்ள குழந்தைக்குக் கணக்கு சற்று மாறுகிறது. மூளைத் தமனி குறுகியிருக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கினால் பக்கவாதம் வரலாம். அதனால் மருந்துக்கு முன் தலைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. படமும் இதய எக்கோவும் எடுக்க வேண்டும். மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் படம் எடுக்கும்வரை காத்திருக்க முடியாவிட்டால், மிகக் குறைந்த அளவில், நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்து, மெதுவாக உயர்த்தித் தொடங்குவார்கள். இங்கே நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து பேசாமல் முடிவு எடுக்கக் கூடாது. அதற்காக இரண்டு நாள் கூடுதலாக வார்டில் இருக்கச் சொன்னால் குடும்பத்தார் இணங்குவதே நல்லது.

கடைசியாக, எப்போது நிறுத்துவது என்பது. சத்தம் நின்று மாதங்கள் ஆனபின், குழந்தை கொழுகொழுவென்று தவழத் தொடங்கியபின், "இன்னும் எதற்கு இந்த மருந்து" என்ற கேள்வி வீட்டில் நிச்சயம் எழும். தைப்பூசத்துக்கு முன்னால் நிறுத்திவிடலாமா, ஊர்ப்பயணத்துக்கு முன்னால் நிறுத்திவிடலாமா என்று கேட்பார்கள். 2016இல் வெளியான, 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்றில், மருந்தை நிறுத்தியபின் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கட்டி மீண்டும் ஓரளவு வளர்ந்தது. ஒன்பது மாதம் நிறைவதற்கு முன் நிறுத்தியவர்களிடம் அது மிகுதியாகவும், 12 முதல் 15 மாத வயதில் நிறுத்தியவர்களிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. மூச்சுப்பாதையில் மீள்வளர்ச்சிக்கான விலை அதிகம் என்பதால், முதல் பிறந்தநாளுக்கு முன் நிறுத்துவதற்கு ஆதரவாக என்னால் பேச முடியாது; பல மருத்துவர்கள் ஒன்றரை வயது வரையும் கொண்டுபோகிறார்கள். நிறுத்தும் முறையிலும் இரண்டு உண்டு. சில வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைப்பது ஒன்று. எடை கூடும்போதும் அளவைக் கூட்டாமல் விட்டு, குழந்தை வளர வளர மருந்து தானாகக் குறையும்படி செய்வது மற்றொன்று. நிறுத்துவதற்கு முன் எண்டோஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துவிடுவதே நான் விரும்பும் வழி. நிறுத்திய முதல் சில வாரங்கள் நெடும்பயணமோ, மருத்துவமனைக்கு எட்டாத கிராமத்தில் தங்குவதோ வேண்டாம். சளி இல்லாத நாளிலும் பால் குடிக்கும்போதும் அழும்போதும் பழைய கரகரப்பு கேட்டால், அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திராமல், மருந்தைத் தொடங்கிய அதே வார்டைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மீதமிருக்கும் பழைய குப்பியிலிருந்து தாமாகவே மறுபடி கொடுக்கத் தொடங்கக் கூடாது, ஏனெனில் குழந்தையின் எடையும் மருந்தின் காலாவதித் தேதியும் அதற்குள் மாறியிருக்கும்.